முன்னறைக்கு வந்தவர்

ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் வீட்டு முன்னறையை வாடகைக்கு விட்டுத்தான் நானும் என் மகளும் உயிர் பிழைத்தோம். இதைச் சொன்னால் இப்போதுள்ளவர்கள் நான் ஏதோ ஓட்டல் நடத்தியதாக நினைத்துக்கொள்கிறார்கள். ஓட்டலாவது ஒன்றாவது. ஈப்போவில் புந்தோங் பக்கம், ரயில் தண்டவாளத்தை ஒட்டி, பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு சின்ன வீடு. முன்னறை ஒன்று, உள்ளறை ஒன்று, பின்னால் அடுப்படி. முன்னறையில் தாராளமாக இரண்டு பாய் விரிக்கலாம், வந்தவர்கள் முகம் சுளிக்காமல் இருந்தால் நான்கு. வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவே ஒரு சாக்கடை, அதன் மேல் நடந்து வர ஒரு பலகை. அந்தப் பலகையைத் தாண்டி வந்தவர்களை நம்பித்தான் எங்கள் அடுப்பு எரிந்தது.

என் கணவர் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்தார். கிராணி என்றால் காலையில் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வந்தவர் வராதவர் கணக்கைப் பார்க்கிறவர். தோட்டத்தில் துரைக்கு அடுத்த மரியாதை கிராணிக்குத்தான். குண்டு விழ ஆரம்பித்ததும் துரை காரில் ஏறிப் போனார், போனவர் போனவர்தான். ரப்பர் வாங்க ஆளில்லாமல் மரங்கள் சும்மா நின்றன. நாங்கள் என் மாமனார் எப்போதோ வாங்கிப் போட்டிருந்த இந்த ஈப்போ வீட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

அதற்குப் பிறகுதான் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். மண் வெட்ட ஆள் பிடித்தால் போதாதே, அந்த ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடவும் ஒருவர் வேண்டுமே. பழைய கிராணிகளைத் தேடித் தேடிப் பிடித்தார்கள். கொஞ்ச மாதம்தான், அரிசி கிடைக்கும், துணி கிடைக்கும் என்றார்கள். வராவிட்டால் என்ன கிடைக்கும் என்று அவர்களும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ரயிலடிக்குப் புறப்படும்போது என் கணவர் வாசலில் நின்று, "வீட்டப் பூட்டிக்கிட்டு எங்கயும் போயிராத. எறங்குனா நேரா இங்கதான் வருவேன்" என்றார். பிள்ளையைத் தூக்கி ஒரு முறை முகர்ந்து பார்த்துவிட்டு இறக்கிவிட்டார். அழுதால் அபசகுனம் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் அவரிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை.

வாடகை யோசனை அடுத்த வீட்டு அக்காவுடையது. சிப்பாய்களுக்குத் துணி துவைத்துக் கொடுத்துக் கஞ்சி குடித்தவர் அவர். அக்கா வாய்க்குப் பூட்டு போட ஈப்போவில் ஆள் பிறக்கவில்லை. "ஒம் முன்னறையில காத்து மட்டுந்தான் குடியிருக்கு. காத்து வாடகை குடுக்குமா? ரயிலுக்கு நிக்கிற சனத்தக் கூப்பிட்டுப் போடு லா" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அப்போது ரயில் விறகில் ஓடியது. எப்போது வரும், எந்தக் காட்டில் நிற்கும் என்று ஓட்டுகிறவனுக்கே தெரியாது. கடிகாரத்தையெல்லாம் டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்தார்கள். கடிகாரம் மத்தியானம் என்று அடிக்கும்போது சூரியன் இன்னும் உச்சிக்கு ஏறியிருக்காது. ரயில் இந்த இரண்டு கணக்கிலும் சேராமல் தன் இஷ்டத்துக்கு வரும். தெலுக் அன்சனிலிருந்து கருவாடு கொண்டு வந்தவர்கள், கோலா கங்சாரிலிருந்து நோயாளியைக் கூட்டி வந்தவர்கள், தோட்டம் தோட்டமாக மகனைத் தேடி அலைகிறவர்கள், எல்லாரும் ஈப்போவில் வந்து மாட்டிக்கொள்வார்கள். சீனர் ஓட்டல்களைச் சிப்பாய்கள் நிரப்பியிருந்தார்கள். வட்டிக்கடைச் செட்டியார்களின் கிட்டங்கியில் தெரிந்த ஆண்களுக்கு மட்டும் ஓரமாகப் படுக்க இடம் கிடைக்கும். பெண்டு பிள்ளையோடு வந்தவர்கள் ஸ்டேஷன் தரையில் கிடந்தால் பூட்ஸ் காலால் உதை கிடைக்கும். இரண்டு மூன்று குடும்பங்கள் என் வீட்டில் தங்கிப் போன பிறகு, ஸ்டேஷன் வாசலில் நின்று "கிராணி வீடு எங்க?" என்று கேட்டால் ரிக்‌ஷாக்காரச் சீனன்கூடக் கையைக் காட்டுவான் என்ற நிலை வந்தது.

வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டை நான் வாங்குவதில்லை. காலையில் அதற்கு ஒரு படி உப்பு கிடைத்தால் சாயங்காலம் அரைப்படிதான் கிடைக்கும். கருவாடோ, கைப்பிடி அரிசியோ, கொஞ்சம் தேங்காயெண்ணெயோ கொடுத்தால் போதும். ஒன்றும் இல்லாதவர்கள் விறகு பிளந்து போட்டுவிட்டுப் போகலாம். விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்கு என்பார்கள். என் வீட்டில் ஒரே நாள், மறுநாள் காலையில் பாயைச் சுருட்டிவிட வேண்டும். யாராவது இழுத்தடித்தால் என் நாக்கே அவர்களைச் சாக்கடைக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய் விட்டுவிடும்.

ஆனால் வருகிறவர்களை வரவேற்பதில் நான் குறை வைத்ததில்லை. பலகையைத் தாண்டி வந்ததும் முதலில் கையில் தண்ணீர். பித்தளைப் பாத்திரமெல்லாம் ஜப்பான்காரன் வாரிக்கொண்டு போய்விட்டதால், பால் டின்னுக்குக் காது வைத்துப் பற்றவைத்த ஒரு குவளை. அதைக் குடித்து முடித்த பிறகுதான் எந்த ஊர், எத்தனை பேர், என்ன கொண்டு வந்தீர்கள் என்ற பேச்சு. வீடு தேடி வந்தவரிடம் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் சேதி கேட்பது எங்கள் சனங்களின் வழக்கம். எனக்கு அது வியாபாரத்துக்கும் கைகொடுத்தது. தண்ணீரைக் குடித்துவிட்ட மனிதர், அடுத்த தெருவில் இன்னும் மலிவாகக் கிடைக்குமா என்று பார்க்கக் கிளம்பமாட்டார். "தண்ணியக் காட்டியே ஆளப் பிடிச்சிடுறா" என்று அக்கா கேலி செய்வார்.

பேச்சின் கடைசியில் நான் எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பேன்: வடக்கேயிருந்து வருகிறீர்களா? ஆமாம் என்றால் விடமாட்டேன். என் கணவரின் உயரம், வலது புருவத்தில் இருந்த தழும்பு, பேசும்போது கண்ணைச் சுருக்கும் பழக்கம், எல்லாவற்றையும் சொல்லிக் கேட்பேன். வாடகை வயிற்றுக்குத்தான். கதவைத் திறந்து போட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தது அந்தச் சேதிக்காக. வந்தவர்கள் எல்லாரும் இல்லை என்று தலையாட்டிவிட்டுத் தூங்கப் போவார்கள்.

அந்த மனிதர் வந்தது வெயில் கொளுத்திய ஒரு பகலில். நான் முன்னறையைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால், சாக்கடைக்கு அந்தப்பக்கம் தெருவிலேயே ஒருவர் நிற்கிறார். எலும்பும் தோலுமான உடம்பு. கோணிச் சாக்கைத் தைத்து இடுப்பில் கட்டியிருந்தார். கெண்டைக்காலில் புண் ஆறி ஆறாமல் குழி விழுந்திருந்தது. கையில் ஒரு சின்ன மூட்டை. பார்த்த உடனே தோட்டத்து ஆள் என்று தெரிந்தது.

"இது கிராணியாரு வீடுங்களா?" என்றார்.

"ஆமாண்ணே. வாங்க, உள்ள வாங்க."

அவர் வரவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். இந்தக் கூச்சத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தோட்டத்துச் சனங்களுக்குக் கிராணி வீட்டுப் படி ஏறிப் பழக்கமில்லை. ஏதாவது கேட்க வந்தாலும் வாசலுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். எனக்கு அது பிடிக்காது. ஊரே கோணிச் சாக்கைக் கட்டிக்கொண்டு திரிகிற காலத்தில் கிராணி என்ன, கூலி என்ன.

"ஏண்ணே வெயில்ல நிக்கிறீங்க? இங்க யாரும் கடிக்க மாட்டாங்க லா" என்று சொல்லிக்கொண்டே குவளையில் தண்ணீரை மொண்டு எடுத்துப் போனேன். நானே பலகையைத் தாண்டிப் போய், அவர் கையைப் பிடித்துக் குவளையைத் திணித்தேன். அவர் என்னைப் பார்த்தார், குவளையைப் பார்த்தார். உதடு வெடித்திருந்தது. "இல்லம்மா, நான் வந்தது..." என்று ஆரம்பித்தார்.

"என்னத்துக்கு வந்தீங்கன்னு எனக்குத் தெரியாதா? மொதல்ல குடிங்க. பேச்செல்லாம் அப்புறம்."

தாகம் பொல்லாதது. அவர் குடித்துவிட்டார். ஒரே மூச்சில், குரல்வளை ஏறி இறங்க, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். குடித்து முடித்ததும் அந்த முகம் போன போக்கை நான் களைப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

அவர் இழவு சொல்ல வந்தவர்.

எங்கள் சனத்தில் இழவு சொல்ல வருகிறவனுக்கு ஒரு முறை உண்டு. அவன் வீட்டுக்குள் காலை வைக்க மாட்டான். அவனை யாரும் வா என்று கூப்பிடவும் கூடாது. வாசலுக்கு வெளியே நின்று சொல்லிவிட்டு, அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிவிட வேண்டும். தண்ணீர் வாங்கிக் குடித்த வாயால் அந்த வீட்டுக்குச் சாவு சொல்லக்கூடாது. இது எனக்குத் தெரியாதா? தெரியும். தோட்டத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், ஒருவர் வாசலுக்கு வெளியே வந்து நின்ற நிற்பைப் பார்த்தே வீட்டுக்குள் ஒப்பாரி தொடங்கிவிடும். ஆனால் முன்னறையை வாடகைக்கு விட்ட பிறகு, வாசலில் நிற்கிறவர்கள் எல்லாரும் என் கண்ணுக்கு வாடகைக்கு வந்தவர்களாகவே தெரிந்தார்கள்.

முன்னறையில் பாயை விரித்துக் கொடுத்துவிட்டு வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். எந்த ஊர் என்றதற்குத் தோட்டம் தோட்டமாக அலைகிறேன் என்றார். வடக்கேயிருந்தா என்றதற்குத் துண்டை மடித்து மடித்துப் பிரித்தார். பிறகு, "கெடா பக்கம்" என்றார்.

"சயாம் பக்கம் போகலியா?"

"இல்லம்மா."

அங்கிருந்து ஓடி வந்தவர்கள் யாரும் சயாம் என்ற பெயரை வாயில் எடுக்கமாட்டார்கள். பிடிபட்டால் தலை போய்விடும். அதுவும் எனக்குத் தெரியும். அவர் காலில் இருந்த புண்ணைப் பார்த்துக்கொண்டே, பொய் சொல்கிறாரோ என்று நினைத்தேன். ஆனால் சயாமிலிருந்து வந்தவராக இருந்தால் கிராணி வீட்டில் கிராணியைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொல்லாமல் இருப்பாரா என்று அந்த நினைப்பை நானே அழித்துவிட்டேன்.

மறுநாள் காலையில் பாயைச் சுருட்டி வைத்தார். மூட்டையைத் தூக்கிக்கொண்டு பலகை வரைக்கும் போனார். அங்கேயே நின்றார். நான் அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து மூட்டையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மண்வெட்டி இருக்கிறதா என்று கேட்டார். பின்னால் கிடந்த நிலத்தைக் கொத்தி மரவள்ளிக் குச்சி நட்டார். ஒரு நாளைக்குத்தானே என்று விட்டுவிட்டேன். அடுத்த நாளும் அதே கதை. மூட்டை பலகை வரைக்கும் போகும், திரும்பி வரும். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். என் வீட்டு விதிப்படி அவரை எப்போதோ விரட்டியிருக்க வேண்டும். ஆனால் அவர் ஒழுகுகிற தகரத்தை அடைத்தார், பாசி பிடித்த தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவினார், சாக்கடைப் பக்கம் கீரை விதை போட்டார். தனக்குக் கொடுத்த கிழங்கில் பாதியைப் பிள்ளைக்கு ஊட்டிவிட்டார். இப்படி ஒரு ஆளை விரட்டினால் நஷ்டம் எனக்குத்தான்.

தெருவுக்கு ஒரு காவல் தலைவரைப் போட்டிருந்தார்கள். தமிழர்தான், கையில் பட்டை கட்டிய நாளிலிருந்து நடையே மாறிப்போனவர். யார் வீட்டில் யார் தங்கினாலும் அவருக்குச் சொல்லியாக வேண்டும். ஒரு நாள் சாயங்காலம் வந்து, "யாரு இந்த ஆளு? ரொம்ப நாளா இருக்கானே" என்று கேட்டார். பின்னால் விறகு பிளந்துகொண்டிருந்த மனிதரின் கை நின்றுவிட்டது. எனக்கு எங்கிருந்து அந்தப் பொய் வந்ததோ.

"எங்க பெரியப்பா மகன். தோட்டத்துல கஞ்சியில்லன்னு வந்திருக்காரு. கூடப்பிறந்தவன் வீட்டுக்கு வந்தா ஒங்ககிட்ட சீட்டு வாங்கணுமா?" என்று ஒரு சத்தம் போட்டேன். தலைவர் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்.

திரும்பி வந்து, "பொய் சொல்லியாச்சு. இனிமே நீங்க எனக்கு அண்ணன்தான். ஒழுங்கா இருங்க" என்றேன். அவர் கோடாரியைக் கீழே வைத்துவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு விம்மி விம்மி அழுதார். நன்றியில் அழுகிறார் என்று நினைத்துக்கொண்டு எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அன்றையிலிருந்து அவர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டார்.

கேட்பதற்கு ஒரு காது கிடைத்தால் விடுகிற ஆளா நான். சாயங்காலம் கிழங்குத் தோலை உரித்துக்கொண்டே என் கணவரைப் பற்றிப் பேசுவேன். எங்களுக்குக் கல்யாணம் ஆன கதை, அவர் பிள்ளைக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்த அழகு, கோபம் வந்தால் சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொள்கிற குணம், எல்லாவற்றையும் சொல்வேன். அவர் வந்து இறங்கினால் முதலில் என்ன கேட்பார் என்று நானே கேள்வியும் கேட்டு நானே பதிலும் சொல்வேன். அந்த மனிதர் கிழங்கைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் மட்டும், "நல்ல மனுசருங்க தங்கச்சி" என்றார். நான் சொன்னதைக் கேட்டுத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

இதற்கிடையில் என் மகளுக்கு உடம்பு கெட்டுவிட்டது. முதலில் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. பிறகு கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் அழுத்திய இடம் குழியாகவே நிற்கும், மேலே வராது. புந்தோங்கில் அந்த மாதிரிக் கால் வீங்கிய பிள்ளைகளைக் கொண்டுபோய்ப் புதைத்த வீடுகள் எங்கள் தெருவிலேயே இருந்தன. ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. நல்ல சாப்பாடு கொடு என்றார்கள். நல்ல சாப்பாட்டுக்கு எங்கே போவது? வருகிறவர்கள் கொடுக்கிற கைப்பிடி அரிசியும் குறைந்துகொண்டே வந்தது, ஏனென்றால் வருகிறவர்களிடமும் இல்லை.

கோலா கங்சார் பக்கத்தில் என் கூடப்பிறந்த அண்ணனுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. பச்சைப் பயறு போட்டிருந்தான், கோழி வளர்த்தான், ஆற்றில் மீன் கிடைத்தது. ஏற்கெனவே பல முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டான். இந்த முறை சைக்கிள் டயருக்குப் பதிலாகக் கயிற்றைச் சுற்றிக்கொண்டு அவ்வளவு தூரம் மிதித்து வந்தான். பிள்ளையின் காலைப் பார்த்ததும் அவன் முகம் இறுகிவிட்டது.

"கெளம்பு. மாட்டு வண்டிக்குச் சொல்லிட்டு வாரேன். நாளைக்கு ரெண்டு பேரும் என்கூட வாரீங்க."

"நான் வரல. அவரு இங்கதான் வந்து எறங்குவாரு."

"வந்தா பக்கத்து வீட்டுல கேட்டுக்கிட்டு அங்க வர மாட்டாரா?"

"செத்துப் பொழச்சு வாற மனுசன் பூட்டுன கதவையா பாக்கணும்? எங்கயும் போயிராதன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு."

"அப்ப பிள்ளைய மட்டுமாவது குடு."

"அவரு வந்து எறங்குனதும் தேடப் போறது யாரைன்னு நெனச்ச? பிள்ளையத்தான்."

அண்ணனுக்கும் என்னைப் போல்தான் வாய். "வருவாரு வருவாருன்னு பிள்ளையக் காவு குடுக்கப் போறியா?" என்று கத்தினான். நானும் பதிலுக்குக் கத்தினேன். என் வீட்டுக்காரரை உயிரோடு கொல்லப் பார்க்கிறாயா, உனக்கு வாயில் புழு வைக்கும் என்று என்னென்னவோ பேசினேன். அவன் அன்றைக்குத் திரும்பிப் போகாமல், யோசித்துச் சொல், நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் சினேகிதர் வீட்டுக்குப் படுக்கப் போனான். பின்பக்கம் கீரைப் பாத்தியில் உட்கார்ந்திருந்த மனிதர் ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறார். அன்றைக்கு அவர் சாப்பிட வரவில்லை. கூப்பிட்டதற்குப் பசியில்லை என்றார். பசியில்லை என்று சொல்கிற மனிதரை அந்தக் காலத்தில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மறுநாள் ஆடிப் பதினெட்டு. எங்கள் பக்கத்துப் பெண்கள் அன்றைக்குத் தாலிக் கயிற்றை மாற்றிப் புதுக்கயிறு கட்டிக்கொள்வார்கள். புருஷன் ஆயுசுக்காகச் செய்கிறது. என் தாலித் தங்கம் எப்போதோ அரிசியாகி, அந்த அரிசியும் கரைந்துபோயிருந்தது. மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கோத்துக் கட்டியிருந்தேன். அது சுருங்கிக் கறுத்துக் கிடந்தது. புது நூல் இருந்தது, கிழங்குதான் இல்லை. காலையில் அந்த மனிதரைக் கூப்பிட்டு, "அண்ணே, பாசார்ல எங்கயாவது ஒரு மஞ்சக் கெழங்கு கெடைக்குமான்னு பாருங்க. இன்னிக்குக் கயிறு மாத்தணும். எங்க அண்ணன் வாரதுக்குள்ள மாத்திட்டேன்னா அவன் வாயும் அடங்கும்" என்றேன்.

அவர் என் கழுத்தைப் பார்த்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பலகையைத் தாண்டிப் போனார். மூட்டையை எடுத்துப் போகவில்லை.

நான் பிள்ளைக்குக் கஞ்சி கொடுத்து, வாசல் தெளித்து, தலைக்குக் குளித்து ஈரத்தோடு உட்கார்ந்து அக்கா கொடுத்த ஒரு சிட்டிகை மஞ்சள் பொடியைக் கரைத்து நூலுக்குப் பூசிக்கொண்டிருந்தேன். மகள்தான் முதலில் பார்த்தாள். "அம்மா, மாமா வெளிய நிக்கிறாங்க" என்றாள்.

பார்த்தேன். சாக்கடைக்கு அந்தப்பக்கம், தெருவில் நின்றார். இந்த வீட்டில் குடித்ததையெல்லாம் கழுவிப் போட்டவர் போலத் தெருக்குழாயில் குளித்திருந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. துண்டை அவிழ்த்து இரண்டு கையிலும் பிடித்திருந்தார். மஞ்சள் கிழங்கு இல்லை. அத்தனை நாளும் இந்த வீட்டில் சாப்பிட்டுப் படுத்து எழுந்த மனிதர், பலகையில் கால் வைக்காமல் நின்றார்.

எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. முதல் நாள் அவர் எதற்காக வந்து நின்றார், நான் எதைத் திணித்து அவர் வாயை அடைத்தேன், இத்தனை நாள் மூட்டை ஏன் பலகை வரைக்கும் போய்ப் போய்த் திரும்பியது, எல்லாம் ஒரே நேரத்தில் தெரிந்தது. தெரிந்ததும் நான் என்ன செய்தேன்? அடுப்படிக்கு ஓடினேன். டின் குவளையில் தண்ணீரை மொண்டேன். மொண்ட வேகத்தில் பாதி தரையில் சிந்தியது. மீதியை எடுத்துக்கொண்டு ஓடி வந்து, பலகையைத் தாண்டிப் போய் அவர் முன்னால் நீட்டினேன்.

"மொதல்ல தண்ணி குடிங்கண்ணே."

அவர் பின்னால் ஒரு அடி நகர்ந்தார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேணாம் தங்கச்சி."

"ஒரு வாய். ஒரே ஒரு வாய் குடிங்க. ஒங்க காலப் பிடிக்கிறேன்."

"வேணாம். நான் குடிச்சா பிள்ளை போயிரும்."

நான் குவளையை அவர் வாய்க்கே கொண்டுபோனேன். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். அப்படித் திருப்பிக்கொண்டே, தண்டவாளத்துப் பக்கம் பார்த்தபடி சொன்னார்.

"கிராணியாரு போயிட்டாரு தங்கச்சி. போன மழைக்கே போயிட்டாரு. பேதியில. புந்தோங்குல தண்டவாளத்துப் பக்கத்துல என் வீடு, போய்ச் சொல்லிரு, பிள்ளையக் கூட்டிக்கிட்டு அண்ணன்கிட்ட போயிரச் சொல்லுன்னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடுனாரு. மகன் இல்லாத எடத்துல நாந்தான் கொள்ளி வச்சேன். என்னைய மன்னிச்சிரு."

என் கணவரே சொல்லிவிட்டிருக்கிறார், அண்ணனிடம் போகச் சொல்லி. எங்கேயும் போகாதே என்று சொன்ன அதே மனிதர். நான் குவளையை நீட்டியபடியே நின்றுகொண்டிருந்தேன் என்று அக்கா பிற்பாடு சொன்னார். என் சத்தம் கேட்டுத்தான் அக்கா ஓடி வந்தாராம். நான் சத்தம் போட்டதும் எனக்கு நினைவில்லை. அந்த மனிதர் திரும்பிப் பார்க்காமல் நடந்துபோனது மட்டும் நினைவிருக்கிறது. முறைப்படி அவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. மூட்டையைக்கூடக் கேட்கவில்லை.

அண்ணன் வந்தான். அன்றைக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் தெருவிலிருந்த பெண்கள் செய்தார்கள். மஞ்சள் பூசி வைத்திருந்த புது நூலை யார் எடுத்துப் போட்டார்கள் என்று தெரியாது. முன்னறைக் கதவைப் பூட்டிச் சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டு, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு மாட்டு வண்டியில் கோலா கங்சாருக்குப் போனோம். பச்சைப் பயறும் மீனும் முட்டையுமாக என் அண்ணி கொடுத்துக் கொடுத்து, பிள்ளையின் கால் வீக்கம் மெதுவாக வடிந்தது. அவள் பிழைத்தாள். இன்றைக்கும் நன்றாக இருக்கிறாள். சண்டை முடிந்ததும் அந்த மனிதரைத் தேடாத தோட்டம் இல்லை. கிடைக்கவில்லை. அவர் பெயராக என்னிடம் சொன்னது உண்மைப் பெயர்தானா என்றுகூடத் தெரியாது.

கேள்விப்பட்டவர்கள் எல்லாரும் என்னிடம் ஒன்றையே கேட்கிறார்கள். தெரிந்துகொண்டே அத்தனை நாள் சொல்லாமல் உன் கஞ்சியைக் குடித்துக்கொண்டு இருந்தானே, உனக்குக் கோபம் வரவில்லையா என்று. அதற்காக எனக்கு அவர் மேல் ஒரு நாளும் கோபம் வந்ததில்லை. அந்த நாளெல்லாம் நான் விளக்கேற்றிக் கும்பிட்டேன், என் கணவர் வந்தால் என்ன சமைப்பது என்று யோசித்தேன், நெற்றி நிறையப் பொட்டு வைத்துக்கொண்டேன். அந்த மனிதர் சொல்லாததால்தான் எனக்கு அந்த நாட்கள் கிடைத்தன. என் கோபம் அந்த ஆடிப் பதினெட்டுக் காலைக்காக. அவர் சொல்லியிருக்காவிட்டால் என் மகள் இல்லை, அது எனக்கு நன்றாகத் தெரியும், தெரிந்தும் ஆறவில்லை. அந்தக் குவளையில் அவர் ஒரு வாய் குடித்திருந்தால் என் கணவர் அன்றைக்குச் சாயங்காலம் வரைக்குமாவது உயிரோடு இருந்திருப்பார்.